திறந்த காருக்கு எந்த பிரேஸ், எங்கே, எப்போது

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர் முதலில் வாங்கும் வெளிச்சந்தை பாகம் பெரும்பாலும் ஸ்ட்ரட் டவர் பார்தான். பானெட்டைத் திறந்ததும் இரண்டு பக்க ஷாக் அப்சார்பர் மேடைகளுக்கும் குறுக்கே பளபளவென்று கிடக்கும் கம்பி அது. விலை அதிகமில்லை. அரை மணி நேரத்தில் பூட்டிவிடலாம், நண்பர்களுக்குக் காட்டவும் நன்றாக இருக்கும். இந்த அத்தியாயத்தைப் படிப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, அதைக் கடைசியில் வாங்குங்கள். சில கார்களுக்கு அது முதல் தேவையாக இருக்கலாம். கூரை இல்லாத இரண்டு இருக்கைக் காருக்கு அப்படியில்லை. இப்படி உடம்பை விறைப்பாக்கப் பூட்டும் பிரேஸ் எதை வாங்குவதென்றாலும் விசை எங்கிருந்து எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கடையில் இருக்கும் கம்பியைப் பார்ப்பது அதற்கு அடுத்த வேலை.

உதாரணத்துக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் முதலில் யூனோஸ் ரோட்ஸ்டர். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, நான்கு தலைமுறைகளாக இன்றும் தயாராகிறது. முதல் தலைமுறையை என்ஏ என்றும், 1998இல் வந்ததை என்பி என்றும், 2005இல் வந்ததை என்சி என்றும், 2015இல் வந்ததை என்டி என்றும் உரிமையாளர்கள் சொல்வார்கள். என்ஏ ஒரு டன்னுக்கும் குறைவான எடைதான். இந்த ஒரு காருக்குக் கிடைக்கும் பிரேஸ் வகைகள் அளவுக்கு வேறு எந்த மலிவான ஸ்போர்ட்ஸ் காருக்கும் கிடைப்பது அரிது. இதில் தேர்ந்தெடுக்கப் பழகிவிட்டால் மற்ற திறந்த கார்களுக்கும் அதே கண்ணோடு பார்க்கலாம்.

உடம்பு முறுகும் இடம்

ஒரு தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் எடுத்து இரண்டு முனைகளையும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள், துவண்டுவிடும். அதையே உறைக்குள் செருகித் திருகினால் விரல் வலிக்கும். அட்டை அதே அட்டை, சுற்றிலும் மூடியிருப்பதுதான் வித்தியாசம். கூரையுள்ள கார் மூடிய பெட்டி, கூரையை வெட்டிய கார் உள்தட்டு. பிஎம்டபிள்யூ இசட்3 ரோட்ஸ்டருக்குக் கூரை போட்டு 1998இல் கூப்பேயாக வெளியிட்டபோது, முறுக்கு விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேலே போனது. எந்த வெளிச்சந்தை பிரேஸும் அந்த அளவுக்குத் தராது என்பதை வாங்கும் முன்பே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

கூரை போன பிறகு முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்திருப்பவை மூன்றே உறுப்புகள்: இரண்டு கதவுகளுக்கும் கீழே ஓடும் சில் பெட்டிகள், நடுவில் கியர்பாக்ஸ் படுத்திருக்கும் சுரங்கம், தரைத்தகடு. முன்சக்கரம் ஒன்று மேட்டில் ஏறும்போது முறுக்கமெல்லாம் இந்த நடுப்பகுதியில்தான் விழுகிறது. டேஷ்போர்டும் கண்ணாடிச் சட்டமும் உதறும். பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் வரும் காரின் உருவம் இரண்டாகத் தெரியும். கதவுப் பூட்டு கிறீச்சிடும். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் கௌல் ஷேக் என்று சொல்வது இந்த உதறலைத்தான். நோய் நடுவில் இருக்க, மருந்தை மூக்கில் தடவினால் எப்படிக் கேட்கும்?

என்ஏவில் முன்பார், அதாவது ஸ்ட்ரட் டவர் பார், குறைவாகவே உதவுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள காரில் வளைவில் திரும்பும்போது வரும் பக்கவாட்டு விசையின் ஒரு பங்கு ஸ்ட்ரட் வழியாக மேடையின் உச்சிக்கே ஏறும். அங்கே குறுக்குக் கம்பிக்கு வேலை இருக்கிறது. எம்எக்ஸ்-5 இரட்டை விஷ்போன் கார். மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் இரண்டும் சப்ஃப்ரேமைப் பிடித்திருக்கின்றன, பக்கவாட்டு விசையும் அங்கேயே போய்விடுகிறது. மேடையின் உச்சியைத் தொடுவது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரின் தள்ளல் மட்டும். அதுவும் பெரும்பாலும் மேல்நோக்கியது. குறுக்கே போட்ட கம்பி மேல்நோக்கிய தள்ளலை என்ன செய்ய முடியும்? மேடை உள்நோக்கிச் சாய்வதை அது கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். இரண்டு மேடைகளையும் இன்ஜினுக்குப் பின்னாலுள்ள சுவரோடு சேர்த்து முக்கோணமாகக் கட்டும் வகை இதைவிட மேல். நேர்க்கம்பி மட்டுமே உள்ளதை என்ஏவுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டம் இந்தக் காரின் அடியில் தெரியும். மாஸ்டா அதற்கு வைத்த பெயர் பவர் பிளான்ட் ஃப்ரேம். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் டிஃபரன்ஷியல் மூக்கைத் தூக்காமல் இருக்கவும், இழுவை உடனே சக்கரத்துக்குப் போகவும் அதை வைத்தார்கள். உடம்பின் முறுக்கத்தைத் தாங்கும் வேலை அதற்கு இல்லை. அது இருப்பதால் சுரங்கத்துக்கு பிரேஸ் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிரேஸுக்கு முன்னால் துரு

கனடாவிலும் இங்கிலாந்திலும் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அங்கே ஓடிய கார் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். எம்எக்ஸ்-5இல் துணிக்கூரையின் மழைநீர் இறங்க, சீட்பெல்ட் கோபுரங்களுக்குப் பக்கத்தில் இரண்டு வடிகால்கள் உண்டு. இலைதழையும் மண்ணும் அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே தங்கும். சில் பெட்டியின் பின்முனை, அதாவது பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் பகுதி, உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். வெளியே பெயின்ட் கொப்புளித்துத் தெரியும்போது உள்தகடு பெரும்பாலும் போயிருக்கும். என்பி தலைமுறையில் முன்பக்கச் சட்டத்திலும் இதே தொல்லை உண்டு. இரட்டைத் தகடாக இருப்பதால் ஈரம் நடுவில் தங்கி அரித்துவிடுகிறது.

சில் பெட்டிதான் காரின் முதுகெலும்பு என்று இப்போதுதான் பார்த்தோம். அது அரித்திருக்கும்போது வேறு இடத்தில் ஆயிரம் ரூபாய்க் கம்பியைப் போட்டாலும் லட்ச ரூபாய்க் கம்பியைப் போட்டாலும் பலனில்லை. முதல் செலவு வெல்டிங் பட்டறைக்குப் போகட்டும். சில் பெட்டிக்குள் பாலியூரித்தேன் நுரையை ஊற்றி விறைப்பாக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். நுரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பின்னால் வெல்டிங் செய்ய வந்தால் தீப்பிடிக்கும். பழைய காரில் வேண்டவே வேண்டாம்.

தரைக்கு அடியில், இருக்கைகளுக்கு நேர் கீழே நீளவாட்டில் ஓடும் இரண்டு ஃப்ரேம் ரெயில்களையும் குனிந்து பாருங்கள். மெல்லிய தகட்டை மடித்துச் செய்தவை. தெரியாத பட்டறைக்காரர்கள் ஜாக்கியை அங்கே வைத்துத் தூக்கி நசுக்கியிருப்பார்கள். சந்தைக்கு வரும் பழைய என்ஏக்களில் நேரான ரெயிலைப் பார்ப்பதே அபூர்வம். ஜாக்கி வைக்க வேண்டியது சில் ஓரத்தின் வலுவூட்டிய இடங்களிலோ, முன்சப்ஃப்ரேமிலோ, பின்னால் டிஃபரன்ஷியலின் கீழோதான்.

அடுத்து டயர், புஷ், பால் ஜாயின்ட். முப்பது வருட ரப்பர் புஷ் தளர்ந்திருந்தால் வரும் ஆட்டத்தை உடம்பின் ஆட்டம் என்று எண்ணிவிடுவோம். சக்கர பேலன்ஸ் சரியில்லாவிட்டாலும் ஸ்டியரிங் இப்படித்தான் உதறும். இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் உதறினால்தான் பிரேஸைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

கார் எவ்வளவு முறுகுகிறது என்பதைத் தொழிற்சாலையில் டிகிரிக்கு இத்தனை நியூட்டன் மீட்டர் என்று அளப்பார்கள். நமக்கு அந்த எண் வேண்டாம். பொருத்துவதற்கு முன்பும் பின்பும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் போதும்.

சமதளத்தில் காரை நிறுத்திக் கதவுகளை மூடுங்கள். கதவின் பின் ஓரத்துக்கும் உடம்புக்கும் இடையே உள்ள இடைவெளியை, மேல்முனையில் ஓரிடத்திலும் கீழ்முனையில் ஓரிடத்திலும் பென்சிலால் குறித்து ஃபீலர் கேஜ் தகடுகளை அடுக்கிச் செருகி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முன்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சில் இடத்தில் ஜாக்கி வைத்து, சக்கரம் தரையை விட்டு எழும்பும்வரை தூக்குங்கள். அதே இரண்டு குறிகளில் மறுபடி அளக்க வேண்டும். மேலே கூடி, கீழே குறைந்து, அல்லது மாறி, ஒரு வித்தியாசம் வரும். கதவைத் திறந்து பார்க்கலாம். தளர்ந்த காரில் கைப்பிடி முரண்டுபிடிக்கும், பூட்டு ஸ்ட்ரைக்கரில் உரசும். ஜாக்கி மட்டும் தாங்கும்போது காரின் அடியில் கையைக்கூட விடாதீர்கள்.

இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். ஒவ்வொரு பிரேஸையும் பூட்டிய பிறகு அதே ஜாக்கி, அதே உயரம், அதே குறி. பணம் கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றி மனம் நல்லதையே சொல்லும். ஃபீலர் கேஜுக்கு அந்தப் பாசம் கிடையாது.

எதை முதலில் வாங்குவது

வாகனத்தை நிறுவனமே எங்கே வலுவாக்கியது என்று பார்ப்பது நல்ல தொடக்கம். 1994ஆம் ஆண்டு மாடலில் என்ஏவுக்கு 1.6 லிட்டருக்குப் பதில் 1.8 லிட்டர் இன்ஜின் வந்தது. அப்போது மாஸ்டா பொறியாளர்கள் சேர்த்தவை: இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு சீட்பெல்ட் கோபுரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம், முன்சப்ஃப்ரேமுக்கும் பின்சப்ஃப்ரேமுக்கும் அடியில் பிரேஸ்கள். எல்லாமே கீழேயும் பின்னாலும். 1.6 வைத்திருப்பவர்கள் கழிவுக் கார்களிலிருந்து அந்தக் கீழ்ப் பிரேஸ்களை வாங்கிப் பூட்டிக்கொள்வது பழைய வழக்கம். மலிவானது, நிறுவனமே சோதித்தது. உங்கள் சப்ஃப்ரேமில் துளைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கீழ் ஆர்ம்கள் பிடித்திருக்கும் இடங்கள் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் விலகாமல் இருப்பதை ஸ்டியரிங்கிலேயே உணர முடியும்.

அதற்கடுத்தது ஃப்ரேம் ரெயில் வலுவூட்டல். என் பார்வையில் என்ஏ, என்பி உரிமையாளர் செலவழிக்கும் பணத்தில் இதற்குத்தான் அதிகப் பலன். அமெரிக்காவில் கொலராடோவில் இயங்கும் ஃப்ளையின் மியாட்டா நிறுவனம் இதைப் பிரபலமாக்கியது. பழைய மெல்லிய ரெயிலின் மேல் தொப்பி போல் உட்காரும் தடித்த உலோகச் சட்டம், தரைத்தகட்டோடு பல போல்ட்களால் பிணைக்கப்படுகிறது. நசுங்கிய ரெயிலையும் இது மூடிவிடும். ஆனால் முதலில் நசுங்கலை ஓரளவாவது நிமிர்த்தாவிட்டால் சட்டம் உட்காராது. இரண்டு ரெயில்களையும் சுரங்கத்துக்குக் குறுக்கே முக்கோணமாக இணைக்கும் பட்டர்ஃபிளை பிரேஸ் தனியாகக் கிடைக்கிறது. ரெயில் இல்லாமல் அதை மட்டும் வாங்குவதில் அர்த்தமில்லை. சேர்த்துப் பூட்டினால் திறந்திருந்த சுரங்கத்தின் அடிப்பக்கம் கிட்டத்தட்ட மூடிய பெட்டியாகிறது.

மூன்றாவது ரோல் பார். இருக்கைக்குப் பின்னால் நான்கு இடங்களில் உடம்பைப் பிடிக்கும் இரும்பு வளையம் பின்பாதியை இறுக்கும். உண்மையில் அதை வாங்க வேண்டியது தலைக்காகத்தான், விறைப்பு கூடவே வரும் நன்மை. ஆகையால் விறைப்புக்காக மட்டும் போடப்படும் அலங்கார வளையங்களை வாங்காதீர்கள். கார் கவிழ்ந்தால் அவை மடங்கும். ஓட்டும் நிலையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, வளையத்தின் உச்சியிலிருந்து கண்ணாடிச் சட்டத்தின் உச்சிவரை ஒரு நேர்க்கோலை வைக்கச் சொல்லுங்கள். கோலுக்கும் ஹெல்மெட்டுக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். தலை எட்டக்கூடிய குழாயெல்லாம் கடினமான பேடிங்கால் மூடியிருக்கட்டும். முழு ரோல் கேஜ் இன்னும் பெரிய விறைப்பைத் தரும் என்பது உண்மை. ஆனால் ஹெல்மெட் இல்லாமல் கடைக்குப் போகும் காரில் தலைக்கு இரண்டு பக்கமும் இரும்புக் குழாய் இருப்பது ஆபத்து. பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் காருக்கு அதை விட்டுவிடுங்கள்.

என்சி, என்டி உரிமையாளர்களுக்கு இவ்வளவு வேலை இல்லை. இரண்டும் உடம்பிலேயே நன்றாக விறைத்தவை, என்டியின் சில வகைகளில் முன்பார் நிறுவனத்திலிருந்தே வருகிறது. சாலையில் மட்டும் ஓட்டுபவர் அந்தப் பணத்தை நல்ல டயருக்குச் செலவழிக்கலாம். லோட்டஸ் எலிஸ் போல அலுமினியச் சட்டங்களைப் பசையால் ஒட்டிச் செய்த காரிலோ துளை போடுவதையே மறந்துவிடுங்கள்.

ஸ்பிரிங்கை மாற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை. கடினமான ஸ்பிரிங்கும் தடித்த ஆன்டி-ரோல் பாரும் போட்டால் உடம்பின் மேல் விழும் முறுக்கம் கூடும். உடம்பும் ஒரு ஸ்பிரிங்தான். சஸ்பென்ஷனோடு தொடர்ச்சியாக இணைந்த, ஷாக் அப்சார்பர் இல்லாத ஸ்பிரிங். அது தளர்வாக இருந்தால் முன் ஆன்டி-ரோல் பாரை ஒரு படி இறுக்கினாலும் பின்சக்கரத்துக்கு அந்தச் செய்தி சரியாகப் போய்ச் சேராது. மென்மையான ஸ்பிரிங்கோடு ஓடும் காருக்கு பிரேஸ் சொகுசு. கடின ஸ்பிரிங் போட்ட காருக்கு அவசியம்.

கம்பியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது

கடையில் முதலில் பார்க்க வேண்டியது கம்பி நேராக இருக்கிறதா என்பதை. 25 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் தடிப்பு, ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாயை எடுத்துக்கொள்வோம். இரு முனையிலும் 5,000 நியூட்டன், அதாவது சுமார் 500 கிலோ எடையின் விசையால் அழுத்தினால் நேரான குழாய் 0.17 மில்லிமீட்டர்தான் குறுகும். இப்போது இன்ஜினின் மேல் ஏதோ ஒரு பாகம் இடிக்கிறது என்று அதே குழாயின் நடுவை 50 மில்லிமீட்டர் தூக்கி வளைத்திருக்கிறார்கள். முனைகள் திருகாணியில் சுழலும் வகையாக இருந்தால், அதே விசைக்கு முனைகள் 2 மில்லிமீட்டருக்கும் மேல் நெருங்கிவிடும். பன்னிரண்டு மடங்குக்கும் கூடுதலான தளர்வு! காரணம், நேர்க்குழாய் நீளவாட்டில் அழுந்துகிறது, வளைந்த குழாய் வில்லாக மடங்குகிறது. பிரேக் மாஸ்டர் சிலிண்டரைத் தாண்டுவதற்காக வளைத்த பார்கள் சந்தையில் நிறைய. வலப்பக்க ஸ்டியரிங் கார் வைத்திருப்பவர்கள் இடப்பக்க ஸ்டியரிங்குக்குச் செய்த பாரை வாங்கி, இடிக்கிறது என்று மேலும் வளைப்பதும் நடக்கிறது. அப்படிச் செய்வதைவிட வாங்காமல் இருப்பதே மேல்.

அடுத்து முனைத்தகடு. குழாய் எவ்வளவு தடித்திருந்தாலும் மேடையைப் பிடிக்கும் தகடு மெல்லியதாக இருந்தால் வளைவது தகடுதான். குழாய் தகட்டைச் சந்திக்கும் இடத்தில் இரு பக்கமும் வெல்டிங் ஓடியிருக்கிறதா, முக்கோணத் துணைத்தகடு உண்டா, குழாயின் மையக்கோடு போல்ட்களின் அருகே போகிறதா என்று பாருங்கள். முனையில் ஒற்றைப் போல்ட்டில் சுழலும் மூட்டு இருந்தால் அந்த பார் இழுவையையும் தள்ளலையும் மட்டும் தாங்கும், முறுக்கத்தைத் தாங்காது.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக: அலுமினியத்தின் விறைப்பு இரும்பின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் அதே விட்டத்தில் அலுமினியக் குழாய் வாங்கினால் ஏமாற்றம்தான். தடித்த குழாயாகச் செய்திருந்தால் எடை குறைவோடு நன்றாகவே உழைக்கும். உயர்வலு இரும்பு என்று விளம்பரம் செய்வார்கள். வலு என்பது உடையாமல் தாங்குவது, விறைப்பு என்பது வளையாமல் நிற்பது. சாதாரண இரும்பும் உயர்வலு இரும்பும் விறைப்பில் ஒன்றேதான். கார்பன் ஃபைபர் உறை போட்ட அலுமினியத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க நான் காரணம் காணவில்லை.

அடிப்பிரேஸ் வாங்கும்போது தரை இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். தாழ்த்திய காரில் வேகத்தடையை முதலில் சந்திப்பது அதுதான். கியர்பாக்ஸை இறக்க வேண்டி வந்தால் எத்தனை போல்ட் கழற்ற வேண்டும் என்றும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஒவ்வொரு கிளட்ச் வேலைக்கும் அதன் கூலியைக் கொடுக்கப்போவது நீங்கள்தான்.

பொருத்தும் நாள்

இரண்டு தூண் லிஃப்டில் சக்கரங்கள் தொங்க நிற்கும் கார் தரையில் நிற்கும் காரின் வடிவில் இருக்காது. அந்த நிலையில் பிரேஸை முழுக்க இறுக்கினால் கோணலை அப்படியே பூட்டிவிடுகிறோம். லிஃப்டில் எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் திருகி, காரைச் சக்கரங்கள் தாங்கும் நிலைக்குக் கொண்டுவந்து, சரிவுமேடை அல்லது நான்கு தூண் லிஃப்டில் வைத்து டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பட்டறைக் கையேட்டிலும் பிரேஸ் தயாரிப்பாளரின் தாளிலும் இருக்கும். நீளத்தைத் திருகிக் கூட்டும் வசதியுள்ள பாரில், இடைவெளி போகும்வரை மட்டும் திருப்ப வேண்டும். மேடைகளைத் தள்ளி இறுக்குவதால் எதுவும் விறைக்காது, சக்கரக் கோணம்தான் கெடும்.

முன்பாருக்காக ஷாக் அப்சார்பர் மேல்நட்டுகளைக் கழற்றும்போது சக்கரம் தரையில் இருக்க வேண்டும். ஸ்பிரிங் மேல்மூடியை மேடையோடு அழுத்திப் பிடித்திருக்கும். தூக்கி வைத்துக் கழற்றினால் அது கீழே இறங்கிவிடும். தகட்டின் தடிப்பு போக, நட்டு முழுவதும் பிடிக்கும் அளவுக்கு ஸ்டட்டில் மரை மீதி இருக்கிறதா என்றும் பாருங்கள். தடித்த பவுடர் கோட்டிங்கின் மேல் இறுக்கிய நட்டு, சில நாளில் பூச்சு நசுங்கித் தளர்ந்துவிடும். அந்த வட்டத்தை மட்டும் சுரண்டி, மெல்லிய துருத்தடுப்புப் பூச்சு தடவிவிடலாம்.

துளை போடும் வேலையில் அவசரம் கூடாது. எம்எக்ஸ்-5இன் பெட்ரோல் தொட்டி இருக்கைகளுக்குப் பின்னால், மேடைத்தகட்டின் கீழேயே இருக்கிறது. ரோல் பாருக்குத் துளை போடும்போது டிரில் முனையில் நிறுத்துவளையம் மாட்டி, அடியில் ஒருவர் பார்த்துச் சொல்ல, நிதானமாகச் செய்ய வேண்டும். பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் தரைக்கு அடியில்தான் ஓடுகின்றன. ஃப்ரேம் ரெயிலுக்கு இருக்கைகளையும் கம்பளத்தையும் முழுக்க எடுத்துவிட்டே தொடங்குங்கள். வெல்டிங் இருந்தால் முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டியுங்கள். என்ஏ, என்பியில் பேட்டரி டிக்கியில் இருக்கும். போட்ட ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் அன்றே துருத்தடுப்புப் பூச்சு ஏற வேண்டும். முன்பம்பரையும் அதன் மோதல் தாங்கிகளையும் எந்த பிரேஸோடும் இணைக்க விடாதீர்கள். மோதும்போது அவை மடங்க வேண்டும், ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கும் அந்த மடங்கலை நம்பியது.

சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை குனிந்து பார்க்கும்போது கோடு நகர்ந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று உடனே தெரியும். ரோல் பார், ஃப்ரேம் ரெயில் போன்ற மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் தரும் பதிலையும் ஃபீலர் கேஜ் அளவு எழுதிய தாளையும் ஒரே கோப்பில் போட்டுவையுங்கள். காரை விற்கும்போது வாங்குபவர் இரண்டையும் கேட்பார்.